விடுபட்ட எண்: ராமானுஜனின் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்தல்

போன டிசம்பர் 22 அன்று பெசன்ட் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தேசிய கணித நாள். கணக்கு நாளுக்குத் தமிழ் எம்.ஏ. எதற்கு என்று கேட்கலாம். போட்டி தமிழில் நடந்தது, அவ்வளவுதான் காரணம். பதினொரு பிள்ளைகள் பேசினார்கள். பதினொரு பேரும் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் காட்டியதைச் சொன்னார்கள். பதினொரு பேரும் லண்டன் டாக்சியின் 1729-ஐச் சொன்னார்கள். ஒரு பிள்ளைகூட ஒரு கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. பரிசெல்லாம் கொடுத்து முடித்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, போட்டியில் கலந்துகொள்ளாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து கேட்டாள்: “ராமானுஜன் தப்பே போடமாட்டாரா சார்?”

“தெரியலைம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன். உண்மையாகவே தெரியாது.

நம்மில் பெரும்பாலோர் நிலைமை இதுதான். ‘எனக்குக் கணக்கு வராது’ என்பதை ஒரு பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு அலைகிற கூட்டம் நம் சிறுபத்திரிகைக் கூட்டம். ஃபூக்கோவைப் படிக்காமல் பேச நேர்ந்தால் கூசுகிறோம். பகா எண் என்றால் என்ன என்று மறந்துபோனதில் ஒரு கூச்சமும் இல்லை. 2010-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையில் வந்த ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடியை மேடைக்கு மேடை உச்சரித்தோம். அதில் எத்தனை பூஜ்யம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நான் விரல்விட்டு எண்ணியிருப்பேன். எண் நமக்கு ஒரு சத்தம். ராமானுஜனும் அப்படி ஒரு சத்தம்தான். பக்தர்களுக்கு அவர் அவதாரம். நம் பக்கத்து நண்பர்களுக்கு அவர் பார்ப்பன மேதைமைக் கதையாடலில் ஒரு கொலுப்பொம்மை. அவர் போட்ட கணக்கில் ஒரு வரியையாவது திறந்து பார்ப்பதில்லை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் அதிசயமான ஒற்றுமை. இதில் நானும் சேர்த்தி.

அந்தப் பிள்ளைக்காகத் தேடினேன். தப்பு போட்டிருக்கிறார். 1913-இல் ஹார்டிக்கு அனுப்பிய கடிதங்களில் பகா எண்களின் எண்ணிக்கை குறித்து அவர் சொன்ன சில முடிவுகள் சரியில்லை. ஹார்டியே பிற்பாடு இதை விளக்கி எழுதினார். அந்தக் கணிதம் என் எட்டுக்கு அப்பாற்பட்டது. எனக்குக் கைக்கு எட்டினது வேறொன்று. லண்டன் கணிதச் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் 1915-இல் ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். எஃப்.ஏ. பரீட்சையைத் தாண்ட முடியாத அவருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிவழி பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரைக்காக. அதில் 102 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. கடைசி எண் 6746328388800. பட்டியலில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாத எண் ஒன்று: 293318625600. நம் வழக்கப்படி வாசித்தால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

பிரதியில் சொல்லப்படாததை வாசிக்க வேண்டும் என்று இருபது வருஷமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். இதோ பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு மௌனம். இதை வாசிக்க முடியுமா என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால் அது எதன் பட்டியல் என்று தெரிய வேண்டும். பெசன்ட் நகர் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு எலியட்ஸ் கடற்கரையும் ஷ்மிட் நினைவுச்சின்னமும் ஞாபகம் வரும். அங்கிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். ஒருநாள் காலையில் அங்கே கரையேறிய படகொன்றின் வரும்படியைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செலவு கழித்து 4300 ரூபாய். ஆள் நாலு பேர், படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆக ஆறு. பங்குக்கு 716 போக நாலு ரூபாய் நின்றது. “மிச்சத்த டீக்குப் போடுப்பா” என்றார் பெரியவர். இன்னொரு ஆள் ஏறியிருந்தால் ஏழு பங்கு. 614 போக இரண்டு நிற்கும். அன்றைய வரும்படி 4200-ஆக இருந்திருந்தால்? நூறு ரூபாய் குறைவு. ஆனால் ஆறு பங்கானாலும் ஏழானாலும் எட்டானாலும் மிச்சமில்லாமல் பிரியும்.

ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 4300-க்குக் காரணிகள் 18. 4200-க்கு 48. எண்ணின் பருமனுக்கும் அது எத்தனை விதமாகப் பிரியும் என்பதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ராமானுஜன் கேட்ட கேள்வி இதிலிருந்துதான் கிளம்புகிறது: தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை? 12-க்கு 6, 24-க்கு 8, 36-க்கு 9, 48-க்கு 10, 60-க்கு 12. இவை அந்த வகை. 4200 இந்த வரிசையில் சேராது, ஏனென்றால் 2520 அதே 48 காரணிகளை அதற்கு முன்னாலேயே வைத்திருக்கிறது. இவற்றுக்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயரை ‘மிகுபகு எண்கள்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இது வெறும் விளையாட்டு என்று தோன்றினால் நம் பாட்டன்கள் கையாண்ட அளவுகளை எடுத்துப் பாருங்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர்களின் பின்னம் முந்திரியில் இருந்து தொடங்கும். முந்திரி என்பது 320-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. 320 என்பது ஆறு 2-உம் ஒரு 5-உம் பெருகின எண், காரணிகள் 14. அதில் 3 கிடையாது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு என்பது முந்திரிக் கணக்குக்குள் முழுசாக உட்காராது. எவ்வளவு நுணுக்கிக்கொண்டே போனாலும் ஒரு துளி நிற்கும். அந்தத் துளி யார் மரக்காலில் விழுந்தது என்பது கணிதக் கேள்வி மட்டுமில்லை. பிறகு வந்த ரூபாய் 16 அணா, அணாவுக்கு 12 தம்படி, ஆக 192 தம்படி. ஆறு 2, ஒரு 3. இதற்கும் காரணிகள் 14. இங்கே 3 இருக்கிறது, 5 இல்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு பைசா வந்தது. நூறுக்குக் காரணி ஒன்பதுதான். 36-க்கு உள்ள அளவு. எழுதக் கூட்ட வசதி, பங்கு போட வசதி குறைவு. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுத உட்கார்ந்த குமாஸ்தாவுக்கு 192-உம் அதன் வகுபடலும் தினசரிப் பிழைப்பு.

இனி எண்ணுக்குள் போகலாம். 12 என்பது 2×2×3. இதன் காரணி ஒன்றை உருவாக்க 2-ஐ எடுக்காமலோ, ஒன்றோ, இரண்டோ எடுக்கலாம்: மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டு வழி. மூன்று சட்டை, இரண்டு வேட்டி வைத்திருப்பவன் ஆறு விதமாக உடுத்தலாம் என்கிற அதே கணக்கு. எந்தப் பகா எண் எத்தனை முறை வருகிறதோ அதனுடன் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை.

இது தெரிந்தால் மிகுபகு எண்ணின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கும். 18 என்பது 2×3×3. அதற்கும் ஆறு காரணி. ஆனால் 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றிப் போட்டால் 12 கிடைக்கிறது, அதே ஆறு, சின்ன எண். ஆகவே சின்னப் பகா எண் எப்போதும் பெரியதைவிடக் குறைவான தடவை வரக் கூடாது. 20 என்பது 2×2×5. 3-ஐத் தாண்டிக் குதித்ததால் அதுவும் அடிபட்டுப் போகிறது. பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளி விடாமல் வர வேண்டும், எண்ணிக்கை இறங்குமுகமாக இருக்க வேண்டும். ராமானுஜன் இதற்கு மேலும் ஒன்றை நிறுவினார்: வரிசையின் கடைசியில் நிற்கும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4-உம் 36-உம் மட்டும் விதிவிலக்கு.

விட்டுப்போன நம் எண்ணை இப்போது பிரித்துப் பாருங்கள். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அதன் பின் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. ஒன்றொன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2. விடை 5040. அதாவது 293318625600 மீன் கிடைத்தால் 5040 விதமாக மிச்சமில்லாமல் பங்கு போடலாம்.

5040 என்றதும் தத்துவம் படித்த நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் லட்சிய நகரத்துக்கு நிர்ணயித்த நில உடைமையாளர்களின் எண்ணிக்கை அது. காரணம் இதே காரணம்: ஒன்றிலிருந்து பத்துவரை எல்லாவற்றாலும் வகுபடும், நிலத்தையும் வரியையும் படையையும் பிரிக்க வசதி. அடிமைகளும் அந்நியர்களும் அந்த 5040-இல் வர மாட்டார்கள். சுத்தமாக வகுபடும் நகரத்துக்கு வெளியே நிற்கிறவர்களை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் வகுக்கத் தொடங்கினார் அந்த ஞானி. 5040 தானும் ஒரு மிகுபகு எண், 60 காரணி. அதே எண் இங்கேயும் தலைகாட்டுகிறதே என்று யாரும் தேங்காய் உடைக்க வேண்டாம். காரணிகளின் எண்ணிக்கை என்பது 7, 5, 3, 2 போன்ற சின்ன எண்களைப் பெருக்கி வருவது. அந்தப் பெருக்கத்தில் நிறையப் பிரியும் எண்கள் அடிக்கடி வருவது இயல்பு.

இந்த எண்ணின் அண்டை வீடுகள்தான் சுவாரஸ்யம். கீழ் வீட்டில் 195545750400. அதற்கு 4608 காரணி. அதிலிருந்து ஒரு 2-ஐக் கழற்றி ஒரு 3-ஐ மாட்டினால் நம் எண் வந்துவிடும். அங்கே ஏழு 2, மூன்று 3 என்றிருந்தது 8×4, அதாவது 32. இங்கே 7×5, அதாவது 35. மேல் வீட்டில் 321253732800, காரணி 5376. நம் எண்ணிலிருந்து ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் கழற்றிவிட்டுப் புதிதாக 23-ஐ மாட்டினால் அது. 21 வெளியே போய் 23 உள்ளே வருகிறது. 5×3 என்றிருந்த 15, 4×2×2 ஆகி 16 ஆகிறது. 21-க்கும் 23-க்கும் உள்ள அந்தக் குறுகிய சந்தில்தான் நம் எண் நிற்கிறது. 23 என்ற புதிய பகா எண் உள்ளே நுழைவதற்குச் சற்று முன்னால், பழைய பகா எண்களை வைத்தே இன்னொரு தடவை சமாளித்துப் பார்க்கிற எண் அது. கீழ் வீடும் மேல் வீடும் ராமானுஜன் பட்டியலில் இருக்கின்றன. இடையில் இருப்பது இல்லை.

இன்னொன்றையும் பெருக்கிப் பார்த்தேன், பழைய அழைப்பிதழ் ஒன்றின் முதுகில், நாலு தடவை தப்பாகப் போட்டு ஐந்தாம் தடவை சரியாக. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் 6746328388800. பட்டியலின் கடைசி எண்! அதற்குக் காரணிகள் 10080. அதாவது ராமானுஜன் விட்டுவிட்ட எண் அவர் எழுதி முடித்த எண்ணின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

கடவுள் கனவில் வந்து காட்டிய பட்டியலில் ஒரு எண் விட்டுப்போகாது. அப்படிப் போனால் கடவுளுக்குக் கணக்கு வராது என்றாகிவிடும். கையால் எழுதுகிறவனுக்கு விட்டுப்போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் அடுக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு, பெருக்கி, அண்டை எண்களோடு ஒப்பிட்டு, பதின்மூன்று இலக்கம்வரை போன உழைப்பு இந்தப் பட்டியல். கால்குலேட்டர் கிடையாது. நாமகிரிக் கதை மறைப்பது இந்த உழைப்பைத்தான். மேதைமைச் சொல்லாடலின் வேலையே அது: வேர்வையைத் துடைத்துவிட்டு ஒளிவட்டத்தை மாட்டுவது. அதை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆளையே ஓரங்கட்டுகிற நம்முடைய பேச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. உழைப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இந்த உழைப்பை மட்டும் ஏன் பார்க்க மறுக்கிறோம்?

சாதியைப் பேசாமல் விடச் சொல்லவில்லை. அவருக்குக் கை கொடுத்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசியுங்கள்: ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர். எஃப்.ஏ.வில் தோற்ற பையனுக்கு அந்த வரிசை துறைமுகத்தில் வேலை வாங்கித் தந்தது, 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த வலைக்கு வெளியே, இதே ஊரில், கையில் சிலேட்டோடு இருந்த வேறு பிள்ளை எந்தக் கதவைத் தட்டியிருக்க முடியும்? இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் வலை கதவைத் திறந்துவிடும். 321253732800-ஐப் பெருக்கித் தராது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்குத் தெரிய வேண்டும்.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் ராமானுஜன் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. முடிவு மட்டும் நோட்டில் ஏறும், வழி அழிந்துபோகும். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். ஆகஸ்டில் போர் மூண்டது. கேம்பிரிட்ஜில் காகிதம் கிடைத்தது, அச்சில் பக்கம் கிடைக்கவில்லை. லண்டன் கணிதச் சங்கத்துக்கு அப்போது பண நெருக்கடி. செலவைக் குறைக்க, எழுதி வைத்திருந்ததில் ஒரு பகுதியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். அச்சுக்கூலிக்குப் பயந்து கட்டுரையை வெட்டுகிற வேதனை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெட்டின பக்கங்களின் கையெழுத்துப் படி 1988-இல் புது டில்லி நரோசா பதிப்பகத்தின் தொகுதியில் நகலாக வெளிவந்தது. 1997-இல் ‘ராமானுஜன் இதழி’ன் முதல் தொகுதியில் ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபென் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் குறிப்புரையோடு பதிப்பித்தார்கள். எண்பத்திரண்டு வருஷம்.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது? ஓர் எண்ணின் காரணிகளை எண்ணாமல் கூட்டினால் எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்வியும் அதில் இருந்தது. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12, கூட்டுத்தொகை 28. இந்தக் கூட்டுத்தொகைக்கு ஒரு மேலெல்லை உண்டா? 1859-இல் ரீமான் முன்வைத்து இன்றுவரை யாரும் நிரூபிக்காத கருதுகோள் ஒன்று இருக்கிறது, பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பது பற்றியது. அது உண்மை என்று வைத்துக்கொண்டால், போதுமான பெரிய எண்களுக்கெல்லாம் இன்ன எல்லைதான் என்று ராமானுஜன் வெட்டின பக்கங்களில் காட்டியிருந்தார். அந்தப் பக்கங்கள் அச்சேறாமல் கிடந்த காலத்தில், 1984-இல், பின்னாளில் அவற்றைப் பதிப்பித்த அதே ரோபென் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார்: 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குள் அடங்கும் என்று நிரூபித்தால் ரீமான் கருதுகோளே நிரூபணமாகிவிடும், அது உண்மையென்றால் இதுவும் உண்மை. 5040-இன் காரணிகளைக் கூட்டினால் 19344, அது எல்லையை மீறுகிறது. அதற்கு மேல் மீறுகிற எண் ஒன்றைக்கூட இதுவரை யாரும் காணவில்லை. ஒன்று கிடைத்தால் போதும், கருதுகோள் விழுந்துவிடும். அடங்காத எண் என்று ஒன்று இருந்தால், நிறையக் காரணிகளைச் சுமந்து நிற்கும் இந்தக் குடும்பத்துக்குள்தான் அதைத் தேட வேண்டும்.

பொங்கல் கழிந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார், ஒரு பிள்ளைக்குக் கணக்கு சொல்ல வேண்டும் என்றேன், ஒரு மாதிரியாகப் பார்த்தார். தமிழாசிரியை வெளியே வந்தார். ஒரு தாளில் மூன்று எண்களையும் எழுதி, இடையில் இருப்பது ராமானுஜன் விட்டது, 23-ஆல் பெருக்கிப் பார் என்று குறித்துக் கொடுத்தேன். தாளை வாங்கி, “தப்பு விட்டாருன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா சார்?” என்றார். சொல்லுங்கம்மா என்றேன். அவர் மறுபடி ஒருமுறை எண்களைப் படித்துவிட்டு, 321253732800-இல் ஒரு இலக்கம் தெளிவாக இல்லை என்று என்னையே திருத்தி எழுதச் சொன்னார்.